நிற்கும் வண்டிக்கும் பராமரிப்பு உண்டு: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் மழைக்காலத்தில் இரு சக்கர வாகனங்களைப் பேணுவது பற்றி எழுதியபோது, வண்டியை மாதக்கணக்கில் எடுக்காமல் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே நிறுத்தி வைத்திருப்பவர்கள் தங்கள் சந்தேகங்களைத் தனியே எழுதலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. கொசப்பேட்டையிலும் வேலூர் சைதாப்பேட்டையிலும் தெருவாசல் படிக்கட்டின்மேல் சாய்வாகப் பலகையைப் போட்டு, இரவானால் வண்டியை நடைக்குள் ஏற்றிக் கதவைச் சாத்திய காலம் பலருக்கு நினைவிருக்கும். இன்று காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அடுக்குமாடிகள் எழுகின்றன; வீடு மேலே, வண்டி கீழே என்ற ஏற்பாட்டில் வண்டியைத் தினமும் கண்ணால் பார்ப்பதுகூட நின்றுவிட்டது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கி, 6 கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, என் கணவர் ராணுவத்தில் பணிபுரிகிறார். எங்கள் சொந்த ஊர் கம்மவான்பேட்டை. பிள்ளைகளின் படிப்புக்காகச் சத்துவாச்சாரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 2-ஆம் தளத்தில் இருக்கிறோம். அவருடைய 350 சி.சி. புல்லட் கீழே நிற்கிறது; அவர் விடுப்பில் வரும்போதுதான் ஓடும். "ஞாயிற்றுக்கிழமைதோறும் 5 நிமிடம் ஸ்டார்ட் செய்து வை" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் ஒரு வாரம்கூடத் தவறாமல் செய்தேன். ஆனாலும் 4 மாதத்தில் பேட்டரி இறங்கிவிட்டது. சைலன்சர் உள்ளே துருப்பிடித்திருப்பதாக மெக்கானிக் சொல்கிறார். என் மேல் என்ன தவறு?
– சத்துவாச்சாரி வாசகி

பதில்: சகோதரி, உங்கள்மேல் தவறு எதுவும் இல்லை, உங்களுக்குச் சொல்லப்பட்ட முறைதான் தவறு. வீட்டுக்கு ஒருவராவது படையில் இருப்பதாகப் பெயர் பெற்ற ஊரிலிருந்து வருகிறீர்கள் என்பதால், இதே சொல்லைக் கேட்டு இதே ஞாயிற்றுக்கிழமைச் சடங்கைச் செய்துகொண்டிருக்கும் வேறு பல வீடுகளும் அங்கே இருக்கும் என்று நினைக்கிறேன். அவர்களுக்கும் சேர்த்தே சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. வண்டி அரை மணி நேரம் சாலையில் ஓடினால் எஞ்சினும் சைலன்சரும் நன்றாகச் சூடேறி, அந்த ஆவி முழுவதும் வெளியே போய்விடும். நின்ற இடத்திலேயே 5 நிமிடம் ஓடவிட்டு அணைத்தால், சைலன்சரின் பின்பகுதி வெதுவெதுப்பாகக்கூட ஆகியிருக்காது. ஆவி அங்கேயே குளிர்ந்து நீராகித் தேங்கும். எரிந்த புகையில் உள்ள அமிலத் தன்மையும் அந்த நீரில் கரைந்துகொள்வதால், இரும்பு உள்ளிருந்தே அரிக்கப்படுகிறது. எஞ்சின் ஆயிலிலும் இப்படியே கொஞ்சம் நீர் சேரும். வாரம் ஒருமுறை என்றால் 4 மாதத்தில் 16 முறை நீங்கள் சைலன்சருக்குள் தண்ணீர் ஊற்றியதற்குச் சமம்.

பேட்டரியின் கதையும் இதுதான். செல்ஃப் பட்டனை அழுத்தும் அந்த ஒன்றிரண்டு விநாடிகளில்தான் பேட்டரியிலிருந்து மிக அதிகமான மின்சாரம் உறிஞ்சப்படுகிறது. அதைத் திரும்ப நிரப்ப எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்ற வேண்டும். நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் ஐடிலிங்கில் உற்பத்தியாவது மிகக் குறைவு. போதாததற்கு, 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு தானாகவே எரியும்; அதை அணைக்க வழியில்லை. வருகிற கொஞ்சத்தை விளக்கு தின்றுவிட, ஒவ்வொரு ஞாயிறும் பேட்டரியிலிருந்து எடுத்தது எடுத்ததாகவே போயிருக்கிறது.

ஆகவே உங்கள் முன் இரண்டு வழிகள்தான் உள்ளன. ஓட்டத் தெரிந்த கொழுந்தனாரோ சகோதரரோ பக்கத்தில் இருந்தால், 15 நாளுக்கு ஒருமுறை சத்துவாச்சாரியிலிருந்து ஸ்ரீபுரம் பொற்கோயில் வரை போய்த் திரும்பச் சொல்லுங்கள். அந்தத் தூரம் போதும். அப்படி யாரும் இல்லையென்றால், அடுத்த விடுப்பின் கடைசி நாளில் கணவரே கீழே சொல்லும் வேலைகளைச் செய்துவிட்டுப் புறப்படட்டும். அதன்பின் அவர் திரும்பும்வரை யாரும் அதை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். இடைப்பட்ட அரைகுறை முறைதான் வண்டியைக் கெடுக்கிறது.

முதல் வேலை எஞ்சின் ஆயிலை மாற்றுவது. "ஓடாத வண்டிக்கு எதற்குப் புது ஆயில், வந்து மாற்றிக்கொள்ளலாமே" என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பழைய ஆயிலில் கரிப்பொடியும் அமிலமும் கலந்திருக்கும். அது பேரிங்குகளின்மேல் மாதக்கணக்கில் ஊறிக் கிடப்பது நல்லதன்று. சூடாக இருக்கும்போதே பழையதை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றி, ஒரு சுற்று ஓட்டி வந்து நிறுத்துவது சரி.

அடுத்தது பெட்ரோல். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுடையது. ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பாதி டேங்கோடு நிறுத்தினால், மேலே உள்ள காலியிடத்தில் பகலில் ஈரக்காற்று நுழைந்து இரவில் குளிர்ந்து உட்சுவரில் துளித்துளியாகப் படியும். எனவே ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் உள்ள வண்டியானால், பெட்ரோல் விரிவடைவதற்குச் சற்று இடம் விட்டு, ஏறக்குறைய முழுவதும் நிரப்பிவிடுங்கள். அதன் பம்ப் டேங்குக்குள்ளேயே இருப்பதால் வறண்டு கிடக்க விடக்கூடாது. 2020 ஏப்ரலுக்கு முன் வாங்கிய கார்புரேட்டர் வண்டியானால், பெட்ரோல் டேப்பை மூடிவிட்டுக் கார்புரேட்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, கிண்ணத்தில் தங்கியிருக்கும் பெட்ரோலை ஒரு பாட்டிலில் வடித்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால், பெட்ரோல் ஆவியாகிப் போன இடத்தில் அரக்கு நிறத்தில் ஒரு பிசின் படிந்து பெட்ரோலை எஞ்சினுக்கு விடும் ஜெட்டின் ஊசித்துளையை அடைத்துவிடும். விடுப்புக்கு வந்தவர்கள் முதல் 2 நாளையும் மெக்கானிக் கடை வாசலில் கழிப்பதற்குப் பெரும்பாலும் அந்தப் பிசினே காரணம்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு, கிக்கரை மெதுவாக 4 முறை மிதித்துவிட்டுப் பிளக்கை மாட்டிவிட்டால் சிலிண்டரின் உட்சுவர் துருப்பிடிக்காது. கிக்கர் இல்லாத வண்டியில், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் அதே வேலை நடக்கும். செயினைத் துடைத்து எண்ணெய் விடுவதும், வண்டியைக் கழுவி நன்றாகக் காய விடுவதும் சொல்லாமலே தெரிந்தவை.

பேட்டரியைக் கழற்றி மேலே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். இந்த வரிசையை மாற்றிச் செய்தால், பிளஸ் முனையில் இருக்கும் ஸ்பானர் வண்டியின் சட்டத்தில் பட்டவுடன் பொறி பறக்கும். முழுதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி, ஓய்வில் 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டும், 12.4-க்குக் கீழே வந்தால் சார்ஜ் ஏற்ற வேண்டும். 12-க்கும் கீழே நாட்கணக்கில் கிடந்தால் அதன் தகடுகளில் உப்புப் படிந்து, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய நிலைக்கு வராது. வெயில் கூடக் கூடப் பேட்டரி தானாக இறங்கும் வேகமும் கூடும். 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் வேலூர்க் கோடையில் மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுவது அவசியம். தானாகவே நின்றுகொள்ளும் சிறிய சார்ஜரை வாங்கிக்கொண்டால், பகலில் நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் காற்றோட்டமான இடத்தில் வைத்துச் செய்யலாம். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கடமை இனி மாதம் ஒருமுறை இதுவாக மட்டும் இருக்கட்டும். அப்படியே கீழே போய் டயர்களில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்து, சக்கரங்களைக் கால் சுற்று நகர்த்திவிட்டு வந்துவிடுங்கள். டயருக்கும் சிமென்ட் தரைக்கும் நடுவில் ஒரு மரப்பலகை இருப்பது நல்லது.

இன்னொன்றையும் உங்கள் கணவரிடம் கேளுங்கள். 2018 செப்டம்பர் முதல் புது இரு சக்கர வாகனம் வாங்கும்போதே 5 ஆண்டுகளுக்கு மூன்றாம் நபர் காப்பீடு (நம் வண்டி மோதிப் பிறருக்கு நேரும் இழப்புக்கானது) எடுத்தாக வேண்டும். பாலிசியில் 5 ஆண்டு என்று இருப்பதைப் பார்த்து எல்லாம் 5 ஆண்டுக்கு இருப்பதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். திருட்டு, தீ, வெள்ளம் ஆகியவற்றுக்கு ஈடு தருவது சொந்தச் சேதக் காப்பீடு. அது பெரும்பாலும் முதல் ஓராண்டுக்கு மட்டுமே இருக்கும், பிறகு ஆண்டுதோறும் தனியே புதுப்பிக்க வேண்டும். நிற்கிற வண்டி யார்மேலும் மோதப் போவதில்லை. அது திருட்டுப் போகலாம், எரியலாம், நனையலாம். ஆக, உங்களுக்கு மிகவும் தேவையான பகுதிதான் காலாவதியாகிக் கிடக்க வாய்ப்பு அதிகம். காலாவதியாகி 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால், இழப்பீடு கேட்காததற்கான தள்ளுபடியும் போய்விடும்.

கேள்வி: நான் காந்தி நகரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். எனக்குக் கார் இல்லை. மோட்டார் சைக்கிள் மட்டுமே. கீழ்த்தளம் முழுவதும் கார்களுக்கு விற்கப்பட்டுவிட்டதாகவும் வாடகைதாரர் வண்டியைத் தெருவில்தான் நிறுத்த வேண்டும் என்றும் சங்கத்தார் சொல்கிறார்கள். இது சரியா?
– காட்பாடி வாசகர்

பதில்: "விற்கப்பட்டுவிட்டது" என்ற சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. 2010-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிரச் சட்டத்தின்கீழ் வந்த ஒரு மும்பை வழக்கில், தூண்களுக்கு இடையே உள்ள திறந்த கீழ்த்தள நிறுத்துமிடம் பொதுப் பகுதியைச் சேர்ந்தது என்றும் கட்டுநர் அதைத் தனியாக விற்க முடியாது என்றும் கூறியது. நாடு முழுவதற்குமான 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் திறந்தவெளி நிறுத்துமிடங்களைப் பொதுப் பகுதியாகவே வரையறுக்கிறது. நடைமுறையில் கட்டுநர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இடத்தை ஒதுக்கிப் பத்திரத்திலும் எழுதிக் கொடுக்கிறார்கள் என்பதும் உண்மையே. ஆனால் இந்தச் சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சங்கக் கூட்டத்துக்குப் போகாதீர்கள். நீங்கள் வாடகைதாரர், உங்களுக்குள்ள உரிமை வீட்டு உரிமையாளர் வழியாக வருவது. அவருடைய பத்திரத்தில் நிறுத்துமிடம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால், இரு சக்கர வாகனத்தை அங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு, அதன் நகலைச் சங்கத்திடம் கொடுங்கள். வாக்குவாதத்தைவிட அந்த ஒரு வரி நன்றாக வேலை செய்யும்.

அந்த இடத்தில் வேறு யாருடைய காராவது நின்றாலும் வழி இருக்கிறது. ஒரு கார் நிறுத்துமிடம் பொதுவாக 5 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் கொண்டது. நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை 4 மீட்டருக்குள் அடங்குபவை. மீதமிருக்கும் 1 மீட்டரில், சுமார் 2 மீட்டர் நீளமும் 80 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட மோட்டார் சைக்கிள், காருக்குப் பின்னால் சுவரையொட்டிக் குறுக்காக நிற்கும். தினமும் எடுக்கும் வண்டிக்கு இது தொல்லை. மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டிக்கு இதைவிடப் பத்திரமான மூலை கிடையாது, ஏனென்றால் காரை நகர்த்தாமல் யாரும் அதை வெளியே எடுக்க முடியாது. அளக்கும் டேப்பும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு போய்த் தரையில் கோடு போட்டுக் காட்டினால், கார்க்காரர்கள் பெரும்பாலும் இணங்கிவிடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தரையைப் பார்ப்பதற்கு முன் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். கீழ்த்தளத்துக் கூரையை ஒட்டிக் குளியலறைக் குழாய்கள் போகும். எங்கள் கட்டடத்தில் ஒரு புத்தம் புதிய கருப்பு வண்டி, குழாய் முழங்கை ஒன்றுக்கு நேர் கீழே 3 மாதம் நின்றது. நிமிடத்துக்கு ஒரு சொட்டுகூட விழுந்திருக்காது. ஆனால் கூரைச் சிமென்ட்டில் ஊறி இறங்கிய சுண்ணாம்பு நீர் டேங்கின்மேல் ஓர் அணா அளவுக்கு வெள்ளை வட்டம் போட்டிருந்தது. துடைத்தபோது வெள்ளை போனது, அந்த இடத்துப் பளபளப்பும் சேர்ந்து போய்விட்டது. அதேபோல் மின் மீட்டர் பலகைக்கு அருகிலும் தண்ணீர்த் தொட்டி மோட்டார் இருக்கும் ஈர மூலையிலும் மாடிப்படியின் அடியிலும் நிறுத்த வேண்டாம். படிக்கட்டு, தீ விபத்து நேர்ந்தால் மேலே உள்ள அத்தனை பேரும் இறங்கி ஓட வேண்டிய ஒரே வழி.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 2 முறை வண்டியில் பெட்ரோல் திருட்டுப் போயிற்று. லிஃப்டில் ஏற்றி வீட்டுப் பால்கனியிலேயே நிறுத்திவிடலாமா? லிஃப்ட் 6 பேருக்கானது.
– தொரப்பாடி வாசகர்

பதில்: வேண்டாம். 6 பேருக்கான லிஃப்ட் 408 கிலோ தாங்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்து இந்த யோசனை வந்திருக்கும். எடையில் சிக்கல் இல்லைதான். ஆனால் 2 மீட்டர் வண்டி அந்தச் சின்ன அறைக்குள் படுக்கை வாட்டில் நுழையாது. முன்சக்கரத்தைத் தூக்கி நட்டுக்குத்தலாக நிறுத்த வேண்டியிருக்கும், அப்போது டேங்க் மூடி வழியாகப் பெட்ரோல் கசியும். பெட்ரோல் ஆவி காற்றைவிட 3 மடங்குக்கும் மேல் கனமானது. பறந்து கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து, சமையலறை அடுப்போ பூஜை விளக்கோ இருக்கும் இடம்வரை போய்ச் சேரும். பெட்ரோல் இருக்கும் வண்டியை மக்கள் உறங்கும் வீட்டுக்குள் கொண்டுபோவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க மாட்டேன். பூட்டுடன் கூடிய டேங்க் மூடி, பெட்ரோல் டேப்பிலிருந்து வரும் குழாயைச் சுற்றி ஒரு காப்பு, தூணோடு சேர்த்துப் பிணைக்கும் சங்கிலி, சங்கத்தின் செலவில் ஒரு கேமரா ஆகியவை போதும். ஆர்.சி. புத்தகத்தை வண்டிப் பெட்டிக்குள் வைக்காமல் மேலே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் சார்ஜ் போடுவது பாதுகாப்பானதா, கீழேயே சார்ஜ் போடுவது பாதுகாப்பானதா?
– பாகாயம் வாசகி

பதில்: 2022 மார்ச்சில் நம் வேலூரிலேயே, இரவில் சார்ஜில் விட்ட மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, அந்தப் புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அதை நினைவில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன். கீழ்த்தளத்தில், உங்கள் மீட்டரிலிருந்து தனிக் கம்பி இழுத்து, எர்த்தும் தனி பிரேக்கரும் உள்ள 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் அமைத்து, திறந்த வெளிப்பக்கமாகச் சார்ஜ் போடுவதே மேல். இதற்குச் சங்கத்தின் சம்மதம் தேவை, எழுத்தில் கேளுங்கள். கழற்றும் பேட்டரியை மேலே கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும் என்றால், வெயிலில் ஓட்டி வந்த சூடு ஆறியபின், பகலில், வாசலை மறிக்காத இடத்தில், வண்டியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். இரவு முழுதும் போட்டுவிட்டுத் தூங்குவதும், வாசற்கதவை ஒட்டிப் போடுவதும் வேண்டவே வேண்டாம்.

நீண்ட நாள் நிறுத்துவதானால், லித்தியம் பேட்டரியை முழுதாக ஏற்றியும் வைக்காமல், முழுதாக இறங்கவும் விடாமல், ஏறக்குறையப் பாதி அளவில் வையுங்கள். சாதாரண வண்டிப் பேட்டரிக்குச் சொன்னதற்கு இது நேர் எதிர் என்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நல்ல தடிமனான பிளாஸ்டிக் தார்ப்பாய் ஒன்று இருக்கிறது. அதைக் கொண்டு வண்டியை இறுக்கமாகச் சுற்றிக் கட்டிவிட்டால் போதுமா?
– குடியாத்தம் வாசகர்

பதில்: அந்தப் பிழையை நானே செய்திருக்கிறேன். மகளுக்குப் பிள்ளைப்பேறு என்று வெளியூர் போகும் முன், என் வண்டியை நீலத் தார்ப்பாயால் மூடிக் கயிற்றால் வரிந்து கட்டிவிட்டுப் போனேன். ஐப்பசியில் போய்த் தையில் திரும்பினேன். அவிழ்த்தபோது உள்ளே புழுங்கிய மணம். ஹேண்டில்பாரின் குரோமில் மிளகு தூவியதுபோலத் துருப் புள்ளிகள். சீட்டின் தையலோரம் பச்சையாகப் பூஞ்சை. தரையிலிருந்து எழுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அதைவிடப் பெரிய வேடிக்கை, ஸ்டார்ட் ஆகாத வண்டியின் பக்க மூடியைக் கழற்றியபோது தெரிந்தது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் தினசரிக் காலண்டர்த் தாள்கள் மெல்லிய நாராகக் கிழிக்கப்பட்டுப் பஞ்சு மெத்தைபோல அடுக்கப்பட்டிருந்தன, நடுவில் புளியங்கொட்டைகள், ஓரத்தில், பாதி கடிபட்ட சிவப்பு ஒயர். இறுக்கமாக மூடிய தார்ப்பாய், எலிக்கு நான் கட்டிக்கொடுத்த கூரையாகிவிட்டது.

காற்றுப் புகும் துணி உறையே நல்லது. அதற்கும் அடியில் ஒரு பழைய பருத்தி வேட்டியைப் போர்த்திவிட்டால் தூசி உரசிக் கீறல் விழாது. சைலன்சரின் வாயை ஒரு துணியால் அடைத்து, அதன் முனையில் சிவப்பு நாடா ஒன்றைத் தொங்கவிடுங்கள். எலியும் குளவியும் புகாது, நாடாவைப் பார்த்து நீங்களும் எடுக்க மறக்க மாட்டீர்கள். நாப்தலின் உருண்டைகளைத் துணியில் முடிந்து ஏர் ஃபில்டர் அருகில் தொங்கவிடலாம். எலி வருவதற்கு முக்கியக் காரணம் வண்டியைவிடப் பக்கத்தில் இருக்கும் குப்பைத் தொட்டிதான். அதிலிருந்து தள்ளி நிறுத்துங்கள்.

கேள்வி: எங்கள் கட்டடம் கன்சால்பேட்டையை ஒட்டிய தாழ்வான பகுதியில் உள்ளது. நிக்கல்சன் கால்வாய் நிரம்பினால் கீழ்த்தளத்தில் தண்ணீர் நிற்கும். வெளிநாட்டில் இருக்கும் தம்பியின் வண்டியை என் பொறுப்பில் விட்டிருக்கிறான். என்ன செய்வது?
– வேலூர் வாசகர்

பதில்: 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கவலை மிகையாகத் தோன்றாது. புரட்டாசி முடிவதற்குள் வண்டியை மேட்டுப் பகுதியில் உள்ள உறவினர் வீட்டுக்கு மாற்றிவிடுவதே முதல் வழி. காட்பாடி ரயில் நிலைய வாகன நிறுத்தத்தில் 2 மாதம் விட்டுவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே கட்டணம் நாள் கணக்கில் ஏறும், கூரைக்குக் கீழ் இடம் கிடைப்பதும் உறுதியில்லை. ஒரு வாரத்துக்கு மேல் அது கட்டுப்படியாகாது. உறவினர் வீடு இல்லையென்றால், குடியிருப்பு வாசலின் சாய்தளத்தின் மேல்முனைதான் கட்டடத்தில் உயரமான இடமாக இருக்கும். மழை எச்சரிக்கை வந்த நாட்களில் மட்டும் அங்கே நகர்த்திக்கொள்ளச் சங்கத்திடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். செங்கல் அடுக்கி அதன்மேல் வண்டியை ஏற்றுவது வேண்டாம். தண்ணீர் அடிமண்ணை அரித்தால் வண்டி சாய்ந்து விழும்.

தப்பித்தவறி நனைந்துவிட்டால், சாவியைப் போட்டு ஒருமுறை பார்க்கலாம் என்ற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் எந்த உயரம்வரை ஏறியது என்பது டேங்கிலும் டயரிலும் சேற்றுக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டோடு, பதிவெண்ணும் தெரியும்படி, கழுவுவதற்கு முன்பே படம் எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். சைலன்சர் வாய்க்கு மேலோ ஏர் ஃபில்டருக்கு மேலோ கோடு இருந்தால், எஞ்சினுக்குள் நீர் புகுந்திருக்கலாம். நீர் நிறைந்த சிலிண்டரைச் சுற்ற வைத்தால், நீர் அமுங்காது என்பதால், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளத்துக்குப் பின் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனமும் பெரும்பாலும் கைவிரித்துவிடும். முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். பிறகு மெக்கானிக்கை வரவழைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு வடிகட்டச் சொல்லுங்கள். வடிக்கும் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது; நிறம் தெளியும்வரை 2 முறை, தேவைப்பட்டால் 3 முறை மலிவான ஆயிலை ஊற்றி வடித்துவிட்டுத்தான் நல்ல ஆயிலை ஊற்ற வேண்டும்.

தம்பியின் பெயரில் உள்ள வண்டிக்கு நீங்கள் இழப்பீடு கேட்டு அலைய நேரலாம். அவர் ஊரில் இருக்கும்போதே உங்களுக்கு ஓர் அதிகாரக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு, ஆர்.சி., பாலிசி நகல்களையும் இரண்டு சாவிகளையும் சேர்த்து உங்களிடம் கொடுத்திருக்க வேண்டும். திருட்டுக்கு இழப்பீடு கேட்டால் இரண்டு சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒன்று வெளிநாட்டில் தம்பியின் பெட்டிக்குள் இருந்தால் சிரமம். அடுத்த முறை அங்கிருந்து யாராவது வரும்போது அதைக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.